கோழித்தலை யாரைப் பார்க்கிறது?

தலைமை மேஜையில் வீற்றிருக்கும் மதிப்பிற்குரிய முதலாளி ஹோங் அவர்களே! அவருக்கு அருகில் அமர்ந்திருக்கும், இந்த நிறுவனத்தின் முதல் ஊஞ்சலுக்கு முதல் சங்கிலி கோத்த எங்கள் முதலாளியம்மா அவர்களே! இரும்பை வளைத்து வளைத்துத் தங்கள் முதுகையும் சற்றே வளைத்துக்கொண்ட பட்டறைப் பெரியவர்களே! ஊர் ஊராகப் போய் உடைந்ததை ஒட்டி வரும் பழுதுபார்ப்புப் பிரிவின் அண்ணன்மார்களே, அக்காமார்களே! பிள்ளையை ஒரு கையிலும் சூப்புக் கிண்ணத்தை மறு கையிலும் பிடித்தபடி எனக்காகப் பாதி காது கொடுத்திருக்கும் தாய்மார்களே! மேஜைகளுக்கு அடியில் ஓடிக்கொண்டிருக்கும் சின்னஞ்சிறியவர்களே, எங்கள் தொழிலின் உண்மையான எஜமானர்களே!

கூடாரத்துக்குப் பின்னால் புகைக்குள் நிற்கும் சமையல்காரர் அவர்களே! உங்களிடம் மட்டும் ஒரு விண்ணப்பம். அடுத்த பதார்த்தத்தைக் கொஞ்சம் தாமதமாக அனுப்புங்கள்.

உங்கள் அனைவரையும் வடிவமைப்புக் குழுவின் வெய்நிங் தலை தாழ்த்தி வணங்குகிறேன்.

இன்று காலை முதலாளி என்னைக் கூப்பிட்டார். "ஏம்மா, இறாலுக்கும் கோழிக்கும் நடுவுல கொஞ்ச நேரம் இருக்கு. ஒத்துமையைப் பத்தி ரெண்டு வார்த்தை பேசு. சுருக்கமா பேசு. நல்லதா பேசு" என்றார்.

சுருக்கமாக. நல்லதாக. இரண்டையும் சேர்த்துக் கேட்பது முதலாளிகளின் பிறப்புரிமை.

சிரிக்கிறீர்கள். நன்றி. மூன்றாம் மேஜை மட்டும் சிரிக்கவில்லை. நான் கவனித்தேன். அது என் மேஜை.

ஏன் சிரிக்கவில்லை? இந்த ஆண்டு புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகச் சொல்கிறேன். ஆண்டுக் கடைசி விருந்தில் கோழிக்கு ஒரு வேலை உண்டு. அதன் தலை யாரைப் பார்க்கிறதோ, அவர் புத்தாண்டு விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பி வர வேண்டாம். யாரும் எதுவும் சொல்லத் தேவையில்லை. கோழி சொல்லிவிடும். பழைய வழக்கம். நம் முதலாளி இளகிய மனசுக்காரர். அதனால் பல ஆண்டுகளாக இந்தக் கூடாரத்துக்குள் கோழிகள் தலையில்லாமல்தான் வந்துகொண்டிருந்தன.

இந்த ஆண்டு ஒரு கோழி தலையோடு வருகிறது. ஒன்றே ஒன்று. மூன்றாம் மேஜைக்கு.

முதலாளி காலையில் என்னிடம் வேறு என்ன சொன்னார் என்பதை இங்கே சொல்ல மாட்டேன். அது அவருக்கும் எனக்கும் நடுவில். ஆனால் சமையல் கூடாரத்துக்கு வாய் இருக்கிறது. செய்தி எல்லா மேஜைகளையும் சுற்றிவிட்டது. அந்தத் தலை எங்கள் குழுவின் மெய்ஜூ அக்காவைப் பார்க்கப் போகிறது என்று இங்கே தெரியாதவர் யார்?

ஆகவே ஒற்றுமையைப் பற்றிப் பேசுகிறேன். கேட்டதைத்தான் பேசுகிறேன் முதலாளி. மெய்ஜூ அக்காவைப் பற்றிப் பேச அக்காவிடமே அனுமதி கேட்டேன். "சரிப்படாது" என்றார். அவருடைய அகராதியில் அதற்கு 'யோசிக்கிறேன்' என்று பொருள்.

அன்பு நிறைந்தவர்களே, ஒற்றுமை என்றால் என்ன? ஒரே குரலா? ஒரே நிறமா? ஒரே திசையில் ஆடும் ஒரே தலையா?

அப்படித்தான் நாங்களும் நினைத்தோம். எங்கள் குழு பிறந்த கதையே அதுதான்.

வடிவமைப்புக்கு ஒரு குழு போட வேண்டும் என்று முடிவானபோது, முதலாளி கோயில் தெருவிலிருந்து பஞ்சாங்கம் பார்க்கும் லின் ஐயாவை அழைத்து வந்தார். லின் ஐயா எங்கள் படங்களைப் பார்க்கவில்லை. நாங்கள் செய்த மாதிரிகளைப் பார்க்கவில்லை. பன்னிரண்டு விலங்கு ஆண்டுகளில் யார் எதில் பிறந்தோம் என்று கேட்டார். நான் ஆட்டு ஆண்டு. கைலுன் முயல் ஆண்டு. அவனை உங்களுக்குத் தெரியும். இந்த விருந்தில் இதுவரை அதிகம் பேசியவன் அவன்தான், மேடையில் நிற்கிற என்னையும் சேர்த்து. யென் பன்றி ஆண்டு. அவரைப் பார்த்திருப்பீர்கள், கேட்டிருக்க மாட்டீர்கள்.

"பன்னி, முயல், ஆடு. மூணும் ஒண்ணுக்கொண்ணு அவ்வளவு பொருத்தமாம்" என்றார் முதலாளி. முகமெல்லாம் மலர்ச்சி. "இனிமே அந்த ரூம்ல சண்டைங்கிற பேச்சுக்கே இடமில்ல."

இடமில்லைதான். எங்கள் அறை அவ்வளவு இனிமையாக இருந்தது. கைலுன் ஒன்று சொல்வான். "நல்லா இருக்குல்ல?" என்பான். நான், "ரொம்ப நல்லா இருக்கு" என்பேன். யென் பக்கம் திரும்புவோம். "ம்" என்பார் யென். கூட்டம் முடிந்தது. பக்கத்து அறைக்காரர்கள் எங்களைப் பார்த்துப் பொறாமைப்பட்டார்கள்.

பிற்பகலில் குளிர்ந்த தேநீர் தருவிப்போம். எல்லா அலுவலகமும் செய்வதுதான். நம் ஊர்த் தேநீர்க் கடையில் சர்க்கரைக்கு எத்தனை அளவு, ஐஸுக்கு எத்தனை அளவு! ஒவ்வொரு மனிதனும் தன் நாக்குக்கு ஏற்றபடி ஒரு தேநீரைக் கட்டிக்கொள்ளலாம். நாங்கள் என்ன செய்தோம்? கைலுன் சொல்வான்: "பால் டீ, அரைச் சர்க்கரை, கொஞ்சம் ஐஸ், சவ்வரிசி உருண்டை போட்டு." நான் சொல்வேன்: "அவனுக்கு வர்றதே எனக்கும்." யென் விரலை உயர்த்துவார். அவருக்கும் அதுவே.

ஒரே பால், ஒரே சர்க்கரை, ஒரே உருண்டை. ஒற்றுமைக்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

அந்த ஒற்றுமையில் பிறந்ததுதான் திமிங்கலம்.

ஆமாம் பட்டறை அண்ணே, உங்கள் பெருமூச்சு மேடை வரைக்கும் கேட்கிறது.

கடலோரப் பள்ளிக்கூடம் ஒன்றுக்குச் செய்தோம். நீலத் திமிங்கலம். வாய்க்குள் ஏறி வால் வழியாகச் சறுக்கலாம். கண்ணில் சிரிப்பு. உடம்பில் பளபளப்பு. திறப்பு விழாவில் பட்டாசு வெடித்தது. வட்டாரத் தலைவர் ரிப்பன் வெட்டினார். தலைமை ஆசிரியை கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிள்ளைகள் வரிசையாக ஏறினார்கள், வரிசையாகச் சறுக்கினார்கள்.

பிறகு போய்விட்டார்கள்.

எங்கே? மதில் ஓரத்தில் கொத்தனார்கள் விட்டுப்போன மணல் குவியலுக்கு. ஒருத்தன் ஏறினான், இருவர் தோண்டினார்கள், ஒரு பெண் பிள்ளை காலணியில் மணலை அள்ளிக்கொண்டு எங்கோ அவசரமாகப் போனாள். பள்ளிக்கூடமே அந்த மணலில் இருந்தது. திமிங்கலம் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தது.

பெரியவர்கள் நாங்கள் என்ன செய்தோம்? மணலுக்கு முதுகைக் காட்டி நின்று புகைப்படம் எடுத்துக்கொண்டோம். எல்லாருக்கும் தெரிந்தது. எல்லாரும் பார்க்காமல் இருந்தோம். விருந்தாளியின் சட்டையில் சோறு ஒட்டியிருந்தால் பார்க்காததுபோல் இருப்போமே, அந்த நாகரிகம்.

அப்போதுதான் ஒரு குரல். பழுதுபார்ப்புப் பிரிவிலிருந்து போல்ட்டு முறுக்க வந்திருந்த ஒரு பெண்மணி.

"திமிங்கலம் ரொம்ப அழகா இருக்கு. பிள்ளைங்கதான் மணல்ல இருக்காங்க."

வட்டாரத் தலைவர் இருமினார். முதலாளி சிரித்தார். அவருடைய அந்தச் சிரிப்பு நமக்கெல்லாம் தெரியும். அது உதட்டில் மட்டும் நடப்பது.

திரும்பும் வழியில் அந்தப் பெண்மணியும் எங்கள் வண்டியில்தான் வந்தார். அவரிடம் முதலாளி கேட்டார்: "உன்னை யாரு பேசச் சொன்னது?"

"யாரும் சொல்லல முதலாளி. பிள்ளைங்க மணல்ல இருந்தாங்க. அதான் சொன்னேன்."

மறுநாள் நான் முதலாளியின் அறைக்குப் போய், அந்த மெய்ஜூ அக்காவை எங்கள் குழுவுக்குத் தாருங்கள் என்று கேட்டேன். முதலாளி தேநீர்க் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"அவ என்ன ஆண்டு தெரியுமா?"

"எருது."

"நீ?"

"ஆடு."

"நேருக்கு நேர் மோதுற ராசிம்மா. லின் ஐயா கேட்டாருன்னா மயங்கி விழுந்துருவாரு. தெரிஞ்சுதான் கேக்குறியா?"

"தெரியாம கேட்டா நீங்க சும்மா விடுவீங்களா முதலாளி?"

முதலாளி கிண்ணத்தை மறுபடி எடுத்தார். "ஒரு வருஷம். சண்டைச் சத்தம் என் ரூம் வரைக்கும் கேட்டுச்சுன்னு வை..." என்று நிறுத்தினார்.

கேட்டது. முதல் நாளே கேட்டது.

முதல் சண்டை எதைப் பற்றி? தேநீரைப் பற்றி. கைலுன் ஃபோனை எடுத்துக்கொண்டு சுற்றி வந்தான். "அக்கா, பால் டீ, அரைச் சர்க்கரை, கொஞ்சம் ஐஸ், சரியா?"

"எனக்கு எதுக்கு? சர்க்கரை வேணாம். ஐஸ் வேணாம். பால் வேணாம். உருண்டை வேணவே வேணாம்."

"அப்ப அது வெறும் டீதானேக்கா."

"டீக்கடையில போய் டீ கேக்குறது ஒரு குத்தமாடா?"

"இல்லக்கா, எல்லாருக்கும் ஒரே மாதிரின்னா கடைக்காரனுக்குச் சுலபம்னு..."

"கடைக்காரனா குடிக்கப் போறான்?"

சிறிய விஷயம். சிரிக்கிற விஷயம். ஆனால் அதற்குப் பின் நடந்ததைக் கேளுங்கள். சில வாரங்கள் போயின. ஒருநாள் கைலுன் வழக்கம்போலச் சுற்றி வந்தான். யென் விரலை உயர்த்தவில்லை. தொண்டையைச் செருமினார்.

"எனக்கு இஞ்சி டீ. சூடா."

கைலுன் ஃபோனைத் தாழ்த்தினான். "உடம்பு சரியில்லையாண்ணே?"

"இல்ல. பால் எனக்கு ஒத்துக்காது."

"எப்ப இருந்து?"

"பொறந்ததுல இருந்து."

எங்களோடு சேர்ந்து நாள்தோறும் பால் தேநீர் குடித்த மனிதர். நாள்தோறும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போன மனிதர். ஏன் அண்ணே சொல்லவில்லை என்று கேட்டோம். "எல்லாரும் சந்தோசமா இருந்தீங்க" என்றார்.

எல்லாரும் சந்தோஷமாக இருந்தோம்!

என் அன்பிற்குரியவர்களே, எண்ணிப் பாருங்கள். அந்தப் பால் தேநீருக்கும் அந்தத் திமிங்கலத்துக்கும் என்ன வேறுபாடு? அன்றைக்குத்தான் யென்னிடம் கேட்டேன்: திமிங்கலம் உங்களுக்குப் பிடித்திருந்ததா? தலையை ஆட்டினார். இல்லை. கைலுனிடம் கேட்டேன். "நீங்க ரெண்டு பேரும் பிடிச்சிருக்குன்னு சொன்னீங்க, அதான் நானும்..." என்றான். எனக்கு? எனக்கும் பிடிக்கவில்லை. யாருக்குமே பிடிக்காத ஒன்றை எல்லாரும் சேர்ந்து, ஒற்றுமையாக, ஒருமனதாக, ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் கட்டி முடித்திருக்கிறோம். உலகத்தில் வேறு எந்த ஊரில் இது நடக்கும்? இங்கேதான் நடக்கும். நாம் நல்லவர்கள். நாம் ஒருவர் முகத்தை ஒருவர் காப்பாற்றுகிறவர்கள். முகங்களைக் காப்பாற்றிக் காப்பாற்றிக் கடைசியில் ஒரு நீலத் திமிங்கலத்தைப் பெற்றெடுத்தோம்.

கைதட்ட வேண்டாம் அண்ணே. சூப்பு கொட்டுகிறது.

மெய்ஜூ அக்கா வந்த பிறகு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லப்போகிறேன் என்று நினைப்பீர்கள். இல்லை. அது விளம்பரத்தில் நடப்பது. அறையில் நடந்தது வேறு.

காய்கறிச் சந்தைக்குப் பின்னால் இருக்கும் பூங்காவை இந்த ஆண்டு செய்தோம். கைலுன் ஒரு யோசனையோடு வந்தான். கைப்பம்பு வைப்போம். பிள்ளைகள் தண்ணீர் அடிப்பார்கள். தண்ணீர் ஓடைபோல இறங்கி மண்மேட்டுக்குப் போகும். சேறு! கண்கள் மின்ன மின்னச் சொன்னான். மேஜைமேல் ஏறாத குறை.

"சரிப்படாது" என்றார் அக்கா.

"ஏன்க்கா?"

"எந்த அம்மா சேத்துப் பிள்ளைய ஸ்கூட்டர்ல ஏத்துவா? மூணே நாள்ல புகார் வரும். பம்பைப் பூட்டிருவாங்க. பூட்டைப் பழுது பாக்க நான்தான் போகணும்."

"எதைச் சொன்னாலும் வேணாம். எதைக் கேட்டாலும் சரிப்படாது. நீங்க ஒரு யோசனை சொல்லுங்களேன், பாப்போம்!"

"எனக்கு யோசனை வராது. கெட்டுப்போறது மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். அதுக்கு நான் என்ன பண்ண?"

அவர் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. உயரம் குறைவு என்பதுபோல, கண்ணாடி போடுகிறேன் என்பதுபோலச் சொன்னார். ஆனால் கைலுன் எழுந்துவிட்டான். நானும் அக்காவை நோக்கிக் கத்தினேன். ஆடும் எருதும். லின் ஐயா பார்த்திருந்தால் கட்டணத்தை உயர்த்தியிருப்பார். பக்கத்து அறையிலிருந்து சுவரைத் தட்டினார்கள். முதலாளி அறைக் கதவு திறந்து மூடியது.

யென் வெளியே போனார். இவரும் போய்விட்டார் என்று நினைத்தேன்.

திரும்பி வந்தபோது கையில் ஒரு வாளி. மேஜைமேல் இருந்த களிமண் மாதிரியில், மேட்டின் உச்சியில், தண்ணீரை ஊற்றினார். அது இறங்கியது, பரவியது, எங்கள் படங்களின்மேல் ஏறியது, என் மடியில் விழுந்தது.

"பாத்தீங்களா? பாத்தீங்களா? சேறு!" என்றார் அக்கா. சொல்லிக்கொண்டே சாப்பாட்டுப் பெட்டியிலிருந்து உண்ணும் குச்சியை எடுத்து ஓர் அணை கட்டினார். தண்ணீர் நின்றது. கைலுன் ஓடிவந்து தன் குச்சியால் அணைக்குப் பக்கத்தில் ஒரு வாய்க்கால் கீறினான். தண்ணீர் அந்தப் பக்கம் ஓடியது. அக்கா அதையும் அடைத்தார். அவன் இன்னொன்று கீறினான். யென் இன்னும் கொஞ்சம் ஊற்றினார். நான் ரப்பரை எடுத்துப் பாலம் போட்டேன்.

சட்டைக் கையெல்லாம் களிமண். சாப்பாட்டுப் பெட்டிகள் ஆறிப்போயின. நாங்கள் விளையாடிக்கொண்டிருக்கிறோம் என்பது எங்களுக்கே உறைக்கவில்லை. விளையாட்டுச் சாமான் செய்கிற தொழிலில் இருக்கிறோம். அந்த அறையில் யாரும் விளையாடி நான் பார்த்தது அன்றுதான்.

கடைசியில் அக்கா குச்சியைத் துடைத்தார். "அம்மாக்கள் எப்படியும் திட்டுவாங்க. வாசல்கிட்ட கால் கழுவ ஒரு குழாய் வைங்க. பக்கத்துல உக்கார ஒரு திண்டு. இல்லைன்னா சரிப்படாது."

பூங்கா திறந்தது. நான் போய் நின்று பார்த்தேன். அம்மாக்கள் திட்டினார்களா? இல்லை. அக்கா சொன்னது தப்பு. அவர்கள் பையில் மாற்றுடை கொண்டு வந்தார்கள். குழாயடித் திண்டில் உட்கார்ந்து, பிள்ளைகளின் காலைக் கழுவிக்கொண்டே சந்தையில் என்ன விலை என்று பேசிக்கொண்டார்கள். முன்பின் தெரியாத பெண்கள். ஒருத்தியின் பிள்ளை குழாயைத் திறக்க, இன்னொருத்தியின் பிள்ளை கால் நீட்டியது.

அந்தக் குழாய் யாருடைய யோசனை? அக்காவின் யோசனை என்று சொல்லலாமா? கைலுனின் சேறு இல்லாமல் குழாய் ஏது? யென்னின் வாளி இல்லாமல் சேறு ஏது? அக்காவின் பயம் தவறாக இருந்தது. அந்தத் தவறான பயத்திலிருந்து ஒரு சரியான குழாய் வந்தது. பல நாள் யோசித்தேன். அந்தப் பூங்கா யாருடையது என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை. தெரியாமல் இருப்பதுதான் குழு என்று இப்போது நினைக்கிறேன்.

ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. இந்த இலையுதிர் காலத்தில், தெற்கேயிருந்து ஓட்டல்காரர்கள் திமிங்கலம் வாங்க வந்தார்கள். முதலாளி தாமே நின்று விளக்கினார். அக்கா அந்தப் பக்கம் வந்தார். சும்மா போயிருக்கலாம். போகவில்லை.

"ஐயா, உங்க ஓட்டலுக்கு வர்ற பிள்ளைங்க ஒரு ராத்திரிதானே தங்குதுங்க? அப்ப பரவாயில்ல, வாங்குங்க. ரெண்டாம் நாளும் தங்குனா இது வேலைக்காகாது."

இப்போது சிரிக்கிறீர்கள். அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை. அவர்கள் வாங்காமல் போனார்கள். அது சிறிய இழப்பு இல்லை. பட்டறையில் அந்த மாதம் கூடுதல் வேலை கிடைக்கவில்லை; இங்கே உட்கார்ந்திருக்கும் சிலருடைய வீட்டில் அது தெரிந்திருக்கும். முதலாளி தம் விருந்தாளிகள் முன் முகம் இழந்தார். நம் ஊரில் முகம் என்பது வெறும் தோல் இல்லை, மானம். அக்கா, உங்களையும்தான் சொல்கிறேன். வாயைத் திறக்கும் இடம் என்று ஒன்று இருக்கிறது. அதை நீங்கள் கற்றுக்கொள்ள வேண்டும். தலையை ஆட்டாதீர்கள். இது சரிப்படும்.

இந்தக் கோழி அதற்காகத்தான் வருகிறது.

அவையோரே! நாம் என்ன தொழில் செய்கிறோம்? ஏறி இறங்கும் சீசாப் பலகை செய்கிறோம். இந்தக் கூடாரத்தில் இருக்கிற ஒவ்வொருவரும் வாழ்நாளில் ஒரு சீசாவுக்காவது வர்ணம் அடித்திருப்போம். இருவரும் ஒரே பக்கத்தில் உட்கார்ந்தால் அது சீசாவா? அது பெஞ்சு! சண்டை வராது. சத்தம் வராது. காலும் தரையை விட்டு எழாது! எதிர்ப்பக்கம் ஒருவர் கனமாக உட்கார வேண்டும். நம்மைத் தூக்கி எறிகிற கனம். பிடிக்காத கனம். அந்தக் கனம் இருந்தால்தான் நாம் மேலே போகிறோம். மேலே போனால்தான் மதிலுக்கு அப்பால் தெரிகிறது. எதிரில் இருப்பவரை இறக்கிவிட்டால் என்ன நடக்கும் என்பது ஒவ்வொரு குழந்தைக்கும் தெரியும். நாம் விழுவோம். வலிக்கும்.

முதலாளி அவர்களே, பணிவோடு ஒரு கேள்வி. இந்த நிறுவனத்தை நீங்கள் யாரோடு சேர்ந்து தொடங்கினீர்கள்? தலைக்குமேல் தகரம், கீழே வெறும் மண். ஒரு வெல்டிங் மெஷின். அதைப் பிடித்தவர் நீங்கள். "இந்தச் சங்கிலி தாங்காது, பிரிச்சு மறுபடி கோங்க" என்று எதிரே உட்கார்ந்து சொன்னவர் யார்? பட்டறைப் பெரியவர்கள் கண்ணால் பார்த்த கதை. உங்களுக்குத் திருமணம் பேசியபோது லின் ஐயாவின் தகப்பனார் பஞ்சாங்கத்தை மூடிவைத்துவிட்டு எழுந்து போனார் என்று முதலாளியம்மாவே எங்களிடம் சொல்லியிருக்கிறார்.

முதலாளி என்ன ஆண்டு? சொல்லுங்கள்!

எலி. ஆமாம், எலி.

எலிக்கு நேர் எதிரே நின்று மோதுவது எது? முதலாளியம்மா என்ன ஆண்டு? பட்டறை மேஜை, உரக்கச் சொல்லுங்கள்!

குதிரை!

கேட்டீர்களா? கூடாரமே சொல்கிறது. எலியும் குதிரையும்! அத்தனை ஆண்டுச் சண்டையில் எத்தனை ஊஞ்சல்! அந்தச் சண்டையின் கீழே உட்கார்ந்துதான் இன்றைக்கு நாம் அத்தனை பேரும் சாப்பிடுகிறோம்!

இதோ, திரை விலகுகிறது. கோழிகள் வருகின்றன. சமையல்காரரே, உங்களால் முடிந்த அளவு தாமதித்தீர்கள், நன்றி. மூன்றாம் மேஜைக்கும் வந்துவிட்டது. தலையோடு. தட்டு மேஜை நடுவில் சுற்றும் சுழல் பலகையில் இருக்கிறது. தலை மெய்ஜூ அக்காவைப் பார்க்கிறது. அக்காவும் அதைப் பார்க்கிறார். கண்ணை எடுக்கவில்லை.

என் பேச்சு இங்கே முடிகிறது. முடிவு என் கையில் இல்லை.

முதலாளி எழுந்திருக்கிறார்.

பின் மேஜைக்காரர்களுக்குத் தெரியாது, நான் சொல்கிறேன். முதலாளி மூன்றாம் மேஜைக்கு நடந்து வருகிறார். முதலாளியம்மாவும் பின்னால் வருகிறார். முதலாளி என் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். மெய்ஜூ அக்கா பக்கத்தில். முதலாளியம்மா நின்றபடியே சுழல் பலகையில் கை வைக்கிறார். சுற்றுகிறது. அக்காவை விட்டு நகர்ந்தது. கைலுனைத் தாண்டியது, மூச்சு விடுடா. யென்னைத் தாண்டியது. நின்றுவிட்டது.

முதலாளிக்கு நேராக.

என்ன சொல்கிறார்? கொஞ்சம் அமைதி, அமைதி.

"எனக்குக் கோழித்தலைன்னா உசுரு. வேற யாருக்காவது வேணுமா?" என்கிறார்.

யாருக்கும் வேண்டாம் முதலாளி! எடுத்துவிட்டார். குச்சியால் எடுத்துத் தம் கிண்ணத்தில் வைத்துக்கொண்டார். தட்டில் இப்போது வெறும் கோழி.

அக்கா ஏதோ சொல்கிறார். அக்கா, சத்தமாகச் சொல்லுங்கள், இன்றைக்கு மட்டும் அனுமதி உண்டு.

"சரிப்படாது முதலாளி. தோலோட சாப்பிடக் கூடாதுன்னு உங்க டாக்டர் சொல்லியிருக்காரு."

முதலாளியம்மா சிரிக்கிறார். "காலையில இருந்து நானும் அதைத்தான் சொல்றேன்" என்கிறார்.

முதலாளி தோலை உரிக்கிறார்.

அன்புடையவர்களே, சுருக்கமாகப் பேசச் சொன்னார்கள், அதில் தோற்றேன். என் நாற்காலியும் போய்விட்டது. மகிழ்ச்சியோடு நின்றுகொண்டே சாப்பிடுவேன். விடுமுறை முடிந்து திரும்பும் நாளில், பிற்பகலில், கைலுன் ஃபோனோடு உங்கள் அறைகளுக்கும் வருவான். அவரவர் சர்க்கரையை அவரவர் சொல்லுங்கள்.

பொறுமையாகக் கேட்ட பெரியவர்களுக்கும், சூப்பு ஆறியும் கோபிக்காத தாய்மார்களுக்கும், மேஜைக்கடியில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் எஜமானர்களுக்கும், புகைக்குள் நிற்கும் சமையல்காரருக்கும், தலையை எடுத்துக்கொண்ட முதலாளிக்கும், பலகையைச் சுழற்றிய கைக்கும் என் நன்றி. எல்லார் வீட்டிலும் புத்தாண்டு சத்தத்தோடு பிறக்கட்டும்.

வணக்கம்.